மென்சாவில் மதியச் சாப்பாடு

ஜெர்மனியில் பல்கலைக்கழக உணவகத்தை மென்சா என்பார்கள். 2001-ல் நான் முதுகலை படிக்கப் போன ஊரில், மென்சாவுக்குள் நுழைந்ததும் சுவரில் அந்த வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பதார்த்தத்தின் பெயருக்குப் பக்கத்திலும் பொடியாகச் சில எண்கள். சாயம் சேர்த்திருக்கிறார்களா, கெடாமலிருக்க எதையாவது கலந்திருக்கிறார்களா என்று அவை சொல்லிவிடும். பால் ஊற்றியிருக்கிறதா, முட்டை விட்டிருக்கிறதா என்று சொல்ல எண் கிடையாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது இரண்டும்தான்.

சைவத்துக்கென்று ஒரு வரிசை அப்போதே இருந்தது. பெரும்பாலும் அதில் பாலாடைக்கட்டி உருகி வழியும். சில நாள் பால்சோறு. நம்மூர்ப் பாயசத்தைக் கெட்டியாக்கி, மேலே சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவியது போல இருக்கும். அதுவே முழு மதியச் சாப்பாடு. மசித்த உருளைக்கிழங்கில் பாலும் வெண்ணெயும் இருக்கும். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சித் துணுக்குகள். பருப்பு சூப் என்று ஆசையாகக் கிட்டே போனால் அதிலும் அதே துணுக்குகள் மிதக்கும். சிவப்பு முட்டைக்கோசை ஆப்பிளும் கிராம்பும் போட்டு நிதானமாக வேகவைப்பார்கள். குளிர்காலத்துக்கு அருமையான கறி. அதையும் சில நாள் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள்.

பரிமாறுகிற இடத்தில் வயதான ஓர் அம்மாள் இருந்தார். நான் கேட்கிற கேள்விகள் அவருக்குப் பழகிவிட்டன. தூரத்தில் என்னைப் பார்க்கும்போதே "இன்றைக்குக் கோஸ் வேண்டாம்" என்று தலையசைப்பார். சந்தேகமாக இருந்தால் கரண்டியை வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சமையல்காரரிடம் கேட்டு வருவார். எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். அவித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, ஒரு ரொட்டி என்று தொடுகறிகளை மட்டும் தட்டில் சேர்த்துக்கொண்டு காசு கொடுக்கப் போவேன். தனித்தனியாகக் கணக்குப் போட்டால் சில நாள் முழுச் சாப்பாட்டின் விலையையே தாண்டிவிடும்.

அந்த நேரத்தில் ஊரெங்கும் வேறொரு பேச்சு. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த மாடு ஒன்றுக்கு மேட் கவ் நோய் இருப்பது 2000 நவம்பரில் முதன்முறையாக உறுதியாகியிருந்தது. மாட்டிறைச்சியைக் கண்டாலே மக்கள் ஒதுங்கினார்கள். என் தட்டைப் பார்த்த வகுப்புத் தோழர்கள், நானும் அந்தப் பயத்தில்தான் இப்படிச் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கிருந்த அரைகுறை ஜெர்மனில் காரணத்தைச் சொல்லப் பார்ப்பேன். பாதியில் நின்றுவிடும்.

காரணம் எங்கள் தெருவிலிருந்து வந்தது. சிறுவயதில் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறப்பார். அவர் கக்கத்தில் ஒரு கன்று இருக்கும். செத்த கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்தது. அதைத் தாயின் முன்னால் வைப்பார். மாடு அதை நக்கிக்கொண்டே இருக்கும், பால் சுரக்கும். கன்று ஏன் செத்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் யோசித்தேன். காளைக்கன்றுக்கு வயிறார விட்டால் விற்கப் பால் மிஞ்சாது. உழவுக்கும் வண்டிக்கும் தேவைப்படாத காலத்தில் அதை வளர்ப்பாரும் இல்லை. இதை உணர்ந்த பிறகு தயிரும் நெய்யும் எனக்கு இறங்கவில்லை. அந்தப் பால்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் அரைவயிற்றுக்காரர்தான்.

போன வருடம் பெர்லினில் படிக்கும் அக்கா மகளைப் பார்க்கப் போனபோது, "சித்தி, உங்களுக்காகவே கட்டின மாதிரி ஒரு மென்சா இருக்கு" என்று ஹார்டன்பெர்க் தெருவுக்கு அழைத்துப் போனாள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஒட்டி 2019-ல் திறந்த அந்த இடத்தில் எல்லாமே வீகன். பால், முட்டை, தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் கிடையாது. அதே நகரத்தில் ஃப்ரையே பல்கலைக்கழகத்துக்கு 2010-லேயே முழுச் சைவ மென்சா வந்துவிட்டது. 2021 அக்டோபரிலிருந்து பெர்லின் மாணவர் உணவகங்கள் அனைத்துக்கும் புதுப் பட்டியல். அதில் 68 சதவீதம் வீகன், 28 சதவீதம் சைவம் என்றும், மீனும் இறைச்சியும் தலா 2 சதவீதம் என்றும் திட்டமிட்டார்கள். பருவநிலைக்குக் கேடு செய்யாத சாப்பாடு வேண்டும் என்று மாணவர்களே திரும்பத் திரும்பக் கேட்டதன் பலன் இது.

வரிசையில் நின்றேன். கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும், பக்கத்தில் பொரித்த டோஃபு. யாரையும் எதையும் விசாரிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். மாணவர், ஊழியர், வெளியார் என்று மூன்று விலை. வெளியார் விலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் தேர்வைப் பற்றிய பேச்சு. தட்டில் இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். இத்தனை பிள்ளைகள் கொள்கை எதுவும் இல்லாமலேயே, பசிக்கு, மலிவாக இதைச் சாப்பிடுகிறார்கள்.

இங்கே வந்து சேர்ந்த வழிகளை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மாட்டிறைச்சியைத் தள்ளி வைத்தது நோய்ப்பயம். பிறகு ஒவ்வாமைக்காரர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி வந்தது. 2014 டிசம்பரிலிருந்து, பொட்டலம் கட்டாமல் பரிமாறும் உணவிலும் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் இருந்தால் தெரிவித்தாக வேண்டும். பால், முட்டை, மீன் மூன்றும் அதில் உண்டு. பன்றிக் கொழுப்பும் தேனும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் சமையலறைக்கு நடந்து போய்க் கேட்டு வந்ததில் பாதியை அந்த விதி செய்துவிட்டது. இப்போது பருவநிலை. எந்தக் காரணத்தால் வந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்தக் காரணங்களில் எதிலும் கன்று இல்லை. காரணம் மாறினால் பட்டியலும் மாறிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் கன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அக்கா மகளிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டுக்கொண்டாள். அவள் வீகன் இல்லை. "மத்தியானம் இங்கேயே சாப்பிட்டுடுவேன் சித்தி. ராத்திரி ரூமில் தயிர் இல்லாம சோறு இறங்காதே" என்றாள். அது நியாயமான கஷ்டம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சாயங்காலம் கடையில் சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் வாங்கினோம். வெதுவெதுப்பாகக் காய்ச்சி, நாலைந்து பச்சைமிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு, ஹீட்டர் பக்கத்தில் துண்டு சுற்றி வைத்தேன். மறுநாள் உறைந்திருந்தது. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். புளிப்புப் போதவில்லை, கொஞ்சம் பயறு வாடை அடிக்கிறது என்றாள். இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். இதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்று, புளிப்பு ஏறிவிடும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.