பல்லைக் கடித்துக்கொண்டு பிறந்த கியர்பாக்ஸ்

ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் மண்டையை உடைத்துக்கொண்டு பெட்ரோல் எஞ்சின் செய்தார்கள். பிரான்சில் அதைத் தயாரிக்கும் உரிமை எமில் லெவஸோர் வீட்டுக்கு வந்ததோ கல்யாணத்தில். உரிமையைப் பேசி வைத்திருந்த எதுவார் சராஸான் 1887-இல் கண்ணை மூடினார். அவர் மனைவி லூயிஸ் டைம்லரிடம் நேரிலேயே பேசி அதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்; 1890-இல் லெவஸோரைக் கைப்பிடித்தார். நகைநட்டுக்குப் பதில் எஞ்சினே சீதனம்!

மாப்பிள்ளைக்குத் தொழில், ரெனே பனாருடன் கூட்டுச் சேர்ந்து மரம் அறுக்கும் மெஷின் செய்வது. அந்தக் கை சும்மா இருக்குமா? சீட்டுக்கடியில் பதுங்கியிருந்த எஞ்சினைத் தூக்கி முன்னால் வைத்தார். அதன் பின்னால் கிளட்ச், அதற்கும் பின்னால் கியர்.

கியரில்தான் வம்பு. அந்தக் கால எஞ்சின் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றினால்தான் சமர்த்து. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். அதனால் ஒரு தண்டில் சின்னதும் பெரியதுமாகப் பல்சக்கரங்கள், எதிர்த் தண்டில் அவற்றுக்கு ஜோடிகள். லீவரைத் தள்ளினால் சக்கரம் நகர்ந்து தன் ஜோடியோடு பல் கோக்க வேண்டும். ஆனால் இரண்டும் இரண்டு வேகத்தில் சுற்றுகின்றன. ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிற மாதிரி நேரம் பார்த்து நுழைக்க வேண்டும். தப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ‘கர்ர்ர்’. போதாக்குறைக்கு ஆரம்பத்தில் சக்கரங்களுக்கு மூடியும் கிடையாது. ரோட்டுப் புழுதி முழுக்க அங்கேதான் குடியிருந்தது. முரட்டுத்தனம்தான், ஆனாலும் வேலை செய்கிறதே என்று லெவஸோரே சொன்னதாகச் சொல்வார்கள். பெற்றவரே கொடுத்த நற்சான்றிதழ்! 1928-இல் கேடிலாக் கம்பெனி, பல் கோக்கும்முன் இரண்டின் வேகத்தையும் சமன்செய்யும் சிங்க்ரோமெஷைக் கொண்டுவரும்வரை டிரைவர்கள் இந்த நறநறப்பைக் கேட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்கள்.

1895 ஜூனில் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயம். கிட்டத்தட்ட 1,180 கிலோமீட்டர். லெவஸோர் இந்தக் கியரை நம்பி இரண்டு சீட் வண்டியில் கிளம்பினார். இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று யார் கண்டது? வழியில் வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டிய மாற்று ஓட்டுநர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இவர் பாட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 48 மணி 48 நிமிஷத்தில் பாரிஸ் திரும்பினார். அடுத்த வண்டி வர இன்னும் ஏறக்குறைய 6 மணி நேரம் ஆயிற்று.

மாலை போட வேண்டியவர்கள் விதிப் புத்தகத்தைப் பிரித்தார்கள். முதல் பரிசு நான்கு சீட் வண்டிக்குத்தானாம். அது லெவஸோருக்கு 11 மணி நேரம் பின்னால் ஆடி அசைந்து வந்து சேர்ந்த ஒரு பெஜோ வண்டிக்குப் போயிற்று.