மாட்டுக் கொட்டகையில் விமானப்படை

இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய தாத்தாக்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் என்றால் எனக்கு உயிர். விமானம் கிளம்பும்போது முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ரகம் நான். அதனால் வந்த ருசியாக இருக்கலாம். இந்தத் தாத்தாக்களிடம் ஒரு விசேஷம். ஜெர்மனி மேல் குண்டு போட்ட இரவுகளை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். கனடாவில் பயிற்சி பெற்ற கதை மட்டும் அத்தியாயம் அத்தியாயமாக ஓடும்.

கனடாவுக்கு ஏன் போனார்கள்? இங்கிலாந்து வானத்தில் பாதி நாள் மேகம், மீதி நாள் ஜெர்மன்காரன். ஆகவே பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நான்கும் கூடி, கனடாவில் வைத்துப் பயிற்சி தருவதென்று 1939 டிசம்பர் 17-இல் ஒப்பந்தம் போட்டன. அன்று கனடாப் பிரதமர் மெக்கென்ஸி கிங்குக்கு 65-வது பிறந்தநாள் வேறு. போர் முடிவதற்குள் 1,31,553 பேர் அங்கே தேறி வெளியே வந்தார்கள்.

டொராண்டோவில் சேர்ந்த பையன்களுக்குக் கிடைத்த முதல் ஜாகை, பொருட்காட்சி மைதானத்தில் கால்நடைகளைக் கட்டும் மண்டபம். மாடுகளை வெளியேற்றிவிட்டு அடுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். வாசனையை வெளியேற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரவில்லை போலும். விமானம் கண்ணிலேயே படாது. ஊசி, லெஃப்ட் ரைட், மறுபடி ஊசி.

பறக்கப் பயில்கிறவன் என்பதற்கு அடையாளமாகத் தொப்பியின் முன்பக்கம் செருக ஒரு வெள்ளைத் துணிப்பட்டை கொடுத்தார்கள். மிடுக்காகத்தான் இருந்திருக்கும். தரையில் வேலை பார்த்த சகாக்களுக்குப் பொறுக்குமா? அந்தப் பட்டை வைத்தவனுக்கு வெளியில் சொல்லக்கூடாத நோய் என்று ஊர்ப் பெண்களின் காதில் போட்டுவிட்டார்கள். தாத்தாக்களுக்கு ஹிட்லர் மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை.

பிறகு லிங்க் டிரெய்னர். அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்த குடும்பத்துப் பிள்ளையான எட்வின் லிங்க், ஆர்கன் துருத்திகளைக் கொண்டே உருவாக்கிய பொம்மை விமானம் அது. ஆரம்பத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. மூடியைச் சாத்தினால் உள்ளே கருவிகளின் முள் மட்டும் தெரியும். பயிற்சியாளரின் மேசையில் ஒரு குட்டி வண்டி ஊர்ந்து, பையன் போகும் பாதையை மையால் வரையும். நூல் பிடித்தாற்போல் ஓட்டினேன் என்று அவன் சத்தியம் செய்வான்; காகிதத்தில் ஜிலேபி சுற்றியிருக்கும். நாற்காலியை விட்டு எழாமலே மலையில் மோதியவர்கள் உண்டு.

ஆன்சன் விமானம் நிஜமாகவே பறந்தது. ஆனால் அதன் சக்கரங்களை உள்ளே இழுக்கக் கைப்பிடியைச் சுமார் 140 தடவை சுற்ற வேண்டும். யார் சுற்றுவது? கற்றுக்கொள்ள வந்தவன்தான். பக்கத்து ஊர்தானே என்றால் சக்கரத்தை மடக்காமலே போய்வந்துவிடுவார்கள். நியாயம்தான்.

இப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டே வருகிறவர், திடீரென்று பக்கத்துக் கட்டில் காலியானதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுவார். போர்முனையைப் பார்க்காமல், பயிற்சியிலேயே செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

அடுத்த வேடிக்கை பெரும்பாலும் வழி தவறியதாக இருக்கும். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துப் பக்கம் பூமி ஒரே சமவெளி. எந்தத் திசையில் பார்த்தாலும் கோதுமை. திசை குழம்பினால் ரயில் தண்டவாளத்தைத் தேடிப் பிடித்து, அதையொட்டியே தாழப் பறந்து, ஸ்டேஷன் பக்கத்துத் தானியக் கிடங்கின் சுவரில் எழுதிய ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டும். அதே சுவரில் மாவுக் கம்பெனியின் பெயரும் பெரிதாக இருக்கும். லண்டன் பையனுக்கு எது ஊர், எது கம்பெனி என்று எப்படித் தெரியும்? கம்பெனியை வரைபடத்தில் தேடிக்கொண்டே வட்டமடித்து, பெட்ரோல் தீரும் சமயத்தில் ஏதாவது வயலில் இறங்க வேண்டியதுதான். விவசாயி வீட்டிலோ ரேஷனுக்குப் பழகிய இங்கிலாந்து வயிறு மறந்தே போன முட்டையும் வெண்ணெயும். வழி தவறியவர்கள் எல்லாருமே வழி தெரியாமல்தான் தவறினார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.