நீர்மட்ட நிருபர்

கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு பகுதிநேர நிருபர் உண்டு. சின்னமனூர்க்காரரோ கூடலூர்க்காரரோ, அச்சு ஒன்றுதான். பைக்கில் வண்டி நம்பரைவிடப் பெரிய எழுத்தில் ‘பிரஸ்’. சட்டைப்பையில் இரண்டு பேனா. செய்தி அடிப்பதோ செல்போனில். எல்ஐசி பாலிசி பிடிப்பார், வீரபாண்டித் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுப்பார், திராட்சைத் தோட்டம் கைமாறினால் நடுவில் நிற்பார். இதெல்லாம் பக்கத் தொழில் என்பார். அடுப்பு எரிவது அவற்றால்தான். பத்திரிகை கொடுப்பது அச்சான வரிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அதனால் ‘இறந்தார்’ என்பதை ‘சிகிச்சை பலனின்றிப் பரிதாபமாக உயிரிழந்தார்’ என்றுதான் அனுப்புவார். மதுரை டெஸ்க்கில் உட்கார்ந்து அந்தப் பரிதாபத்தை வெட்டுவது என் உத்தியோகம்.

விடிந்ததும் அவர் விசாரிப்பது அணைகளின் உடல்நலத்தை. முல்லைப்பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை: நான்கின் மட்டமும் வரத்தும் காப்பிக்கு முன்பே மனப்பாடம். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. ஜூன் பிறந்தால் திறந்துவிடுவார்களா என்று விவசாயி கேட்பார், அவருக்குக் கடன் கொடுத்தவர் இன்னும் கவலையாகக் கேட்பார். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அந்த எண் நிருபருக்கு வேதம். மனைவிக்கு பிரஷர் பார்த்த டாக்டர் “142” என்றாராம்.

“பயப்படாத. சுப்ரீம் கோர்ட்டு அனுமதிச்ச அளவுதான்.”

“உங்க அணைக்கு ஷட்டர் இருக்கு. எனக்கு என்னங்க இருக்கு?” என்றாராம் அந்த அம்மாள்.

மே மாதம் வந்தால் ஆள் விளையாட்டு நிருபர். பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, கடற்படை, ஐ.ஓ.பி. என்று பெரிய அணிகள் வந்து இறங்கும். விதிகள் அவருக்கு அரைகுறை. ஆனால் எந்த ஆட்டமும் அவர் கையில் ‘விறுவிறுப்பான ஆட்டம்’தான், ஒரு அணி நாற்பது புள்ளியில் தோற்றிருந்தாலும். “பேங்க் டீம்ண்ணே, பந்தை வாங்குனா திருப்பித் தர மாட்டாங்க” என்று போனில் சொன்னார். அதை மட்டும் எழுத மாட்டார். எழுதியிருந்தால் ஒரு வரிகூட வெட்டியிருக்க மாட்டேன்.

வெளிநாட்டுச் சேவையும் உண்டு. வெளிநாடு என்றால் கேரளத்துக் குமுளி. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறினால் போலீஸ் வேறு, மொழி வேறு, டீ சாயாவாகிவிடும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினைக்காகப் பள்ளத்தாக்கே எல்லையை நோக்கி நடந்தபோது அவரும் கூட்டத்தோடு நடந்துகொண்டே செய்தி சொன்னார். இரைச்சலில் எனக்குக் கேட்டது பாதிதான். 2022-இல் அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு அவருடைய இங்கிலாந்து ஊரான கேம்பர்லியில் தமிழக அரசு சிலை வைத்தபோது, உத்தமபாளையம் டீக்கடையிலிருந்தே இரண்டு பத்தி அனுப்பினார். வானிலை உட்பட. பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைப்பார்களே, கேம்பர்லியிலும் வைப்பார்களா என்று என்னிடம் கேட்டார். அங்கே பச்சரிசி கிடைக்குமா என்பதே அவர் கவலை.

பெரிய செய்தி ஒன்று தானாகக் கம்பத்துக்கு நடந்து வந்தது 2023 மே 27 அன்று: அரிக்கொம்பன் என்ற காட்டு யானை. ஊரில் 144 தடை போட்டார்கள். எல்லோரும் கதவைச் சாத்த, இவர் மட்டும் பைக்கை எடுத்தார். யானை ‘பிரஸ்’ஸைப் படிக்காது என்று ஒரு வனக்காவலர் எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அன்று யானை தள்ளிவிட்டதில் அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். அந்தச் செய்தி மூன்றே வரியில் வந்தது. வெட்ட அதில் எதுவும் இல்லை.

ஜூன் 5 அன்று சின்னஓவுலாபுரம் பக்கம் மயக்க ஊசி போட்டு யானையைப் பிடித்து, லாரியில் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். ஊரே பெருமூச்சு விட்ட ராத்திரி அவரிடமிருந்து போன்.

“அநியாயம்ண்ணே. நம்ம எடிஷன்ல பிடிச்ச யானை. இனிமே திருநெல்வேலி எடிஷன்காரன்ல எழுதுவான்!”