மூன்று மொழி, ஒரு ரயில்

கேள்வி: எங்கள் எம்.பி. தெலுங்கில் பதவியேற்றார். ரயில் எந்த மொழியில் கூவிக்கொண்டு வரும்?
– வாசகர், பாகலூர்

பதில்: எந்த மொழியில் கூவினாலும் பாகலூருக்குப் புரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊராயிற்றே! 2024 ஜூனில் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்த கிருஷ்ணகிரி எம்.பி. கே. கோபிநாத், 2001 முதல் தொடர்ந்து மூன்று முறை ஓசூர் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். எல்லைப் பகுதியின் நாடி அவருக்குத் தெரியும்.

ரயில்தான் பழைய பாக்கி.

1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய அகலப் பாதையில் ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது நின்றது. இன்று மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமே இல்லை. ஜோலார்பேட்டை–கிருஷ்ணகிரி–ஓசூர் பாதையை முந்தைய எம்.பி. செல்லகுமாரும் கேட்டார். ஓசூர் ஆலைகளில் ஷிப்டுக்கு பஸ்ஸில் தொங்கிப் போகும் தொழிலாளர்களுக்காக, கோபிநாத் இதைத்தான் முதலில் முடித்துத் தர வேண்டும்.