வால்வு ரேடியோவில் இடைச்செருகல்கள்: ஒரு பாடபேத ஆய்வு

பழைய வால்வு ரேடியோவின் முதுகு அட்டையைக் கழற்றுவதும் ஓலைச்சுவடியின் கட்டை அவிழ்ப்பதும் ஒரே துறையைச் சேர்ந்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு. இரண்டிலும் மூலபாடம் ஒன்று, கைவைத்தவர்கள் பலர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா.வின் துறையில் கறையான் பெரும்பகை. ஆனால் கறையான் எழுத்தைத் தின்னுமே தவிரத் திருத்தாது. ரேடியோவின் முந்தைய சொந்தக்காரர் திருத்துவார்.

மூலபாடமாவது கம்பெனியின் சர்க்யூட் படம். அதில் இல்லாதவை எல்லாம் இடைச்செருகல் என்க. பியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் காணப்படின், அது ஞாயிற்றுக்கிழமைப் பாடம். கடை மூடியிருந்தது என்பதற்கு அகச்சான்று.

முறுக்குநர் மரபு தனியே குறிக்கத்தக்கது. ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர் டப்பாவுக்குள் இருக்கும் திருகுகள், பல செட்டுகளில் 455 கிலோஹெர்ட்சுக்கு, நுட்பமாக இசைத்து வைக்கப்பட்டவை. அவை லூசாக இருப்பதாகக் கருதி இறுக்கி விடுவோரே இம்மரபினர். இறுக்கிய அன்றே இலங்கை வானொலி போயிருக்கும்; செட் பரணேறியிருக்கும்.

அடுத்தது டயோடு மரபு. ஈ.இசட்.80 ரெக்டிபையர் வால்வைப் பிடுங்கிவிட்டு இரண்டு 1என்4007 டயோடுகளை வைப்பார்கள். வால்வு சூடேறி நிதானமாகத் தந்த வோல்டேஜை டயோடு சுவிட்சைப் போட்டதுமே கொட்டும். 250 வோல்ட் வைண்டிங் என்றால் மற்ற வால்வுகள் சூடாகும்வரை 350ஐத் தொட்டு நிற்கும். அப்போது பழைய பில்டர் கண்டன்சர் வெடித்தால் அதைப் பாடபேதம் எனல் பொருந்தாது.

ஆய்வாளரைத் திணற அடிப்பவை இரட்டை இடைச்செருகல்கள். ஈ.எல்.84 அவுட்புட் வால்வின் கேத்தோடில் மூலபாடம் 135 ஓம்; கைப்பிரதியிலோ 330 ஓம். ஏன்? வால்வுக்கு முன்னுள்ள பழைய பேப்பர் கண்டன்சர் கசிந்து, கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துப் பழுத்திருக்கிறது. முன்னவர் கசிவைக் காணவில்லை. சூட்டைக் கண்டார், ரெசிஸ்டரைக் கூட்டினார். பிழையும் பிழையும் கூடி ரேடியோ பாடியது. இன்றைய பதிப்பாசிரியர் கண்டன்சரை மட்டும் மாற்றுகிறார். வால்வு பட்டினி கிடக்க, பாட்டு கரகரக்கிறது. பழி புதுக் கண்டன்சர் மேல் விழுகிறது.

இடைச்செருகலை எல்லாம் ஒரே மூச்சில் களைக என்பார் ஒரு சாரார். அது ஏற்புடைத்தன்று. முதலில் வோல்டேஜை அளந்து எழுதுக, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக, மறுபடி அளக்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சர் ஷாக் அடிக்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் எந்தப் பாடத்தையும் தொடற்க.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்களும் கைவைக்கத்தான் போகிறீர்கள். எதை எடுத்தீர்கள், எதைப் போட்டீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.