செத்த பேரு தேடிப் போற பேராண்டிக்கு

அம்பிட்டியவுல உக்காந்துக்கிட்டே அமெரிக்காக்காரனை உன் வாசலுக்கு வரவைக்கப் போறியாமே ராசா, ஒங்கம்மா வாய் நெறையச் சொல்லிட்டுப் போறா. சபாஷ். வெப்சைட்டுல எழுத ஒரு வரி கிடையாது, விக்க ஒரு சாமான் கிடையாது. ஆனா ஆளு மட்டும் ஆயிரக்கணக்குல வரணும். அதுக்குத் தோதா காலாவதியான டொமேனை, அதான் வெப்சைட்டுப் பேரை, பிடிக்கிற தொழிலு இருக்கு. தாராளமாச் செய். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தர்றேன். எப்பிடித் தெரியும்னு முழிக்காத. நீ டிக்டொக் பாக்குற நேரத்துல ஒன் தங்கச்சி எனக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுறா.

மொதல்ல எழவுக்குக் காத்திருக்கப் பழகு. டொட் கொம் பேரு ஒண்ணு, காசு கட்டாத அன்னைக்கே உசுரை விடாது. வித்த கம்பனிக்காரன் 45 நாள் வரைக்கும் பொறுத்துப் பாப்பான். பெறகு 30 நாள், பழைய சொந்தக்காரன் தண்டம் கட்டி மீட்டுக்கலாம். அதுவும் போச்சுன்னா கடைசி 5 நாளைக்கு யாரும் தொட முடியாது. அப்புறந்தான் விழும். அந்த நொடிக்குன்னே எந்திரத்தை ஓட விட்டுட்டு ஒரு கூட்டம் காத்துக் கெடக்கு. தேறுற பேரா இருந்தா விழுறதுக்கு முன்னாலயே ஏலத்துல போயிரும். ஒனக்கு மிஞ்சுறது எவனும் சீண்டாத பேரு. அதையும் நீ சந்தோசமா வாங்குவ, எனக்குத் தெரியும்.

பேருக்குள்ள அப்பிடி என்ன இருக்குன்னா, மத்தவங்க காட்டுன கை இருக்கு. நாலு பெரிய எடம் ஒரு தளத்துக்கு லிங்க் போட்டு வழி காட்டியிருந்தா, கூகுள் அதைப் பெரிய மனுசன்னு நெனைச்சு முன்வரிசையில உக்கார வைக்கும். நம்ம அம்பிட்டிய செமினரியையே எடுத்துக்க. 1893ல பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரைப் படிக்க வைக்கத் தொடங்குனது. 1955ல அது பூனாவுக்கு மாறிப்போச்சு, இங்க தேசிய செமினரி ஆச்சு. அந்த மாதிரி எடத்துக்கு எத்தனை கோயிலு, எத்தனை நாட்டுக்காரன் கை காட்டியிருப்பான்! அவங்க ஒரு வருசம் காசு கட்ட மறந்தா நீ புகுந்து சூதாட்டக் கடை போட்டுரலாம். ஆனா மறக்க மாட்டாங்கப்பா, லத்தீன் படிச்ச மண்டைங்க.

வர்றவன் எதைத் தேடி வந்தான்னு ஒனக்கென்ன? விளம்பரக்காரன் தலையைத்தான எண்ணுறான். அந்தக் காலத்துத் தோட்டத்துல, பெரட்டுல எத்தனை பேரை நிறுத்துறாரோ அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கொழுந்து வேற ஆளு கிள்ளுவா, காசு இவரு மடியில. நீயும் கங்காணி ஆகப் போற, துரை மட்டும் கலிபோர்னியாவுல.

ஒனக்கு முன்னோடி இல்லாமலா? ‘த ஹேர்பின்’னு அமெரிக்காவுல பொம்பளைங்க நடத்துன தளம் ஒண்ணு. 2010ல பொறந்து 2018ல மூடிப்போச்சு. பேரு கைமாறி செர்பியாவுல ஒரு டீஜேகிட்டப் போச்சு. பாட்டுப் போடுற மனுசன். தன்கிட்ட ரெண்டாயிரத்துக்கு மேல தளம் இருக்குன்னு அவரே சொன்னாரு. எந்திரத்தை விட்டு எழுத வச்சு ரொப்பிட்டாரு. பழைய கட்டுரையில ஓடுற சிலதை மட்டும் விட்டுவச்சு, எழுதுன பொம்பளைங்க பேரை அழிச்சு ஆம்பளைங்க பேரைப் போட்டாங்க. பாத்தியா, மூளைன்னா அது! சொந்தமா எழுதுனவளே போய்ப் பாத்தாலும் தன் எழுத்துக்கு எவனோ அப்பனா நிப்பான்.

இந்தக் கதை 2024 தொடக்கத்துல ஊரெல்லாம் நாறுச்சு. அந்த மார்ச் மாசமே, காலாவதியான டொமேனை வாங்கிக் குப்பையை ரொப்புறது மோசடின்னு கூகுள் சட்டம் எழுதிருச்சு. முன்னாடி ஆரம்பப் பள்ளிக்கூடமா இருந்த தளத்துல சூதாட்டம் போடுறதைத்தான் அவங்களே உதாரணமாக் காட்டியிருக்காங்க. மாட்டுனா பின்வரிசைக்குத் தள்ளுவான், இல்லாட்டி தூக்கியே எறிவான். அதே வேலையைத் தொடர்ந்து செய்ய பழைய பேரை வாங்குறவனுக்குக் கொறை ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு வேலை தெரியணுமே, அதான யோசிக்கிற?

மறதி ஏழைக்கு மட்டும்னு நெனைக்காத. 1999 நத்தார் சமயம் மைக்ரோசொப்ட்டே பாஸ்போட் டொட் கொம்முக்குக் காசு கட்ட மறந்து, ஹொட்மெயில்காரங்க தவிச்சாங்க. டென்னசியில ஒரு புரோகிராமர் தன் கார்டுல இருந்து 35 டொலர் கட்டிக் காப்பாத்துனாரு. நீயா இருந்தா பிடிச்சு வச்சு வெலை பேசியிருப்ப, மண்டையில அந்தப் புத்தி இல்லாத நல்லவரு அவரு.

நம்ம நாட்டுலயும் பேரு ஒண்ணு, வீடு ஒண்ணுன்னு ஆன நாள் இருக்கு. 2021 பெப்ரவரி 6ஆந் தேதி டொட் எல்கே பேருங்க சிலதை எவனோ திருப்பி விட்டான். கூகுள் எல்கேக்குப் போன சனம் தோட்டத் தொழிலாளி சம்பளத்தையும் நாட்டுக் கொறைகளையும் எழுதி வச்ச பக்கத்துல போய் விழுந்துச்சு. ஆயிரம் ரூவா நாள் சம்பளத்துக்கு நம்ம ஆளுங்க அலைஞ்சுக்கிட்டிருந்த நேரம். இது காலாவதிக் கணக்கு இல்ல, களவுக் கணக்கு. களவு களவுதான். இருந்தாலும் அவனுக்குச் சொல்ல ஒரு சேதி இருந்துச்சு ராசா, ஒன்கிட்ட என்ன இருக்கு?

சரி, பேரு தேடிக் கெளம்புறதுக்கு முன்னால ஒரு சின்ன விசயம். நம்ம அம்மன் கோயில் திருவிழாவுக்கு நீ ஒரு தளம் கட்டிக் குடுத்தியே, நோட்டீசுலயும் பேனர்லயும் கொட்டை எழுத்துல அச்சடிச்சு, கனடாவுல இருக்கிறவனுக்கெல்லாம் அனுப்பி வச்சோமே. அதுக்கு இந்த வருசம் காசு கட்டுனியா? டொரொண்டோவுல இருந்து ஒன் சின்னத்தாத்தா நேத்து போன் பண்ணாரு. தேர் என்னைக்குன்னு பாக்கத் தொறந்தா, காசு கட்டு, சீட்டு இழு, மூணு எலுமிச்சம்பழம் ஒண்ணா விழுந்தா லட்சாதிபதின்னு வருதாம். அம்மனுக்குச் சாத்துற எலுமிச்சம்பழமாக்கும்னு நெனைச்சு ஒன் சின்னப்பாட்டி காணிக்கையே கட்டிட்டாளாம். ஞாயித்துக்கெழமை கமிட்டிக் கூட்டம் இருக்கு. தலைவரு கேட்டா நீயே எந்திரிச்சுச் சொல்லிரு, எனக்கு வாய் கூசுது.