தந்தி போனாலும் சட்டம் போகவில்லை

கேள்வி: உயர் அழுத்த மின்பாதைக்கு அனுமதி தருவதை விரைவுபடுத்த நம் நாட்டில் புதுச் சட்டம் வருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: புதுசு எதற்கு? 1885-இன் தந்திச் சட்டம் இருக்கிறதே! 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவுப்படி தந்தித் துறையின் அதிகாரத்தை மின்பாதை போடுபவருக்கு அரசு வழங்கலாம். அப்புறம் நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டாம், நஷ்டஈடு போதும். 2013-இல் தந்தி சேவை நின்றது. 2023-இல் தந்திச் சட்டத்தையே ரத்து செய்யும் சட்டத்தை நிறைவேற்றினார்கள், மின்பாதைக்கான பகுதியை மட்டும் பத்திரமாக விட்டுவைத்து! இவ்வளவு இருந்தும் வேலை நிற்பது வயலில்தான்; புகளூர் மின்பாதையை எதிர்த்த கொங்கு விவசாயிகளைக் கேளுங்கள். மின்கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் நஷ்டஈடு என்றிருந்த மத்திய வழிகாட்டுதல், 2024-இல்தான் 200 சதவீதமானது. முதலில் அந்தக் காசோலையைக் கொடுக்கட்டும், சட்டத்தை அப்புறம் பார்க்கலாம்.